நீரிழிவின் நெருக்கடியில் எந்த இன்ஸுலின்?

இன்ஸுலின் என்னும் ஒரே பெயரால் வழங்கும் மருந்து இன்று பல உருவங்களில் விற்பனையாகி வருகிறது. தண்ணீரைப்போல் தெளிந்திருப்பவை சில. பால் கலந்த நீரைப்போல் வெளுத்துக் கலங்கியிருப்பவை சில. சிறு புட்டிகளில் வருபவையும் உண்டு. பேனா வடிவக் கருவியில் பொருத்தும் குழல்களில் வருபவையும் உண்டு. விலையோ ஒன்றுக்கொன்று பல மடங்கு வேறுபடுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸிலின் ஆதரவில் நடைபெற்று 2023-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வின்படி, நம் நாட்டில் நீரிழிவு உடையோர் தொகை 10 கோடிக்கு மேற்பட்டது. அவர்களுள் இன்ஸுலின் இன்றி உயிர்வாழவே இயலாதவர் ஒரு சிறு பகுதியினரே. ஆயினும் அச்சிறு பகுதியில் பள்ளி செல்லும் பிள்ளைகள் பலர் அடங்கியுள்ளனர்.

இத்தகைய நோயாளி ஒருவர் திடீரெனக் கவலைக்கிடமான நிலையை அடையும்போது, அவருக்கு எந்த இன்ஸுலினைச் செலுத்துவது என்ற வினா எழுகிறது. புதியதும் விலை மிகுந்ததுமான இன்ஸுலின்தான் உயிரைக் காக்கும் என்றும், சிறிய மருத்துவமனையில் இருப்பு வைத்திருக்கும் பழைய இன்ஸுலின் இதற்குப் பயன்படாது என்றும் பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணத்தினால் நேரும் தீங்கு சிறிதன்று. அருகிலுள்ள தாலுகா மருத்துவமனையைத் தாண்டி, தொலைவிலுள்ள பெருநகரத்திற்கு நோயாளியை எடுத்துச் செல்வதில் நான்கைந்து மணி நேரம் கழிந்துவிடுகிறது. அந்த நான்கைந்து மணி நேரமே அவருடைய உயிரை நிர்ணயிக்கும் காலமாகவும் அமைந்துவிடக்கூடும். ஆகையால் இன்ஸுலின் வகைகளுக்கிடையே உள்ள வேறுபாடு உண்மையில் எத்தகையது, அது நெருக்கடி நேரத்தில் எவ்வளவு பொருட்படுத்தத் தக்கது என்பதைக் களப் பணியாளரும் ஆசிரியரும் அறிந்திருத்தல் நலம்.

நெருக்கடியின் இயல்பு

உண்ட உணவிலிருந்து இரத்தத்தில் சேரும் குளுகோஸ் என்னும் சர்க்கரை, தசை முதலியவற்றின் உயிரணுக்களுள் புகுவதற்கு இன்ஸுலின் வேண்டும். கணையம் அதனைச் சுரக்காமற்போனால், இரத்தத்தில் சர்க்கரை நிறைந்திருந்தும் உயிரணுக்கள் பட்டினி கிடக்கின்றன. பட்டினியைப் போக்க உடல் தன் கொழுப்பைக் கரைக்கத் தொடங்குகிறது. கரைந்த கொழுப்பு கல்லீரலை அடைந்து, கீட்டோன்கள் எனப்படும் பொருள்களாக மாறுகிறது. இவற்றுள் இரண்டு அமிலத் தன்மை உடையவை. அவை மிகும்போது இரத்தமே அமிலச் சார்பு அடைகிறது. மூன்றாவதாகிய அஸிட்டோன் மூச்சுடன் வெளிவருகிறது. அழுகிய பழத்தை ஒத்த அந்த மணத்தைக் கொண்டே, சோதனைக் கருவிகள் இல்லாத காலத்து மருத்துவர்கள் நோயை ஊகித்து வந்தனர்.

மற்றொருபுறம், மிகுந்த சர்க்கரை சிறுநீருடன் வெளியேறுகிறது. வெளியேறும்போது நீரையும் உப்புக்களையும் உடன் இழுத்துச் செல்கிறது. அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல், உடல் மெலிவு, வாந்தி, வயிற்று வலி ஆகியன தோன்றுகின்றன. அமிலத்தை வெளியேற்றும் பொருட்டு நோயாளி ஆழ்ந்தும் விரைந்தும் மூச்சு விடுகிறார். இம்மூச்சினை 1874-இல் விவரித்தவர் கஸ்மௌல் என்னும் ஜெர்மானிய மருத்துவர். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்கப்படுகிறது. இறுதியில் நினைவு மங்குகிறது. இந்நிலைக்குக் கீட்டோன் அமில நிலை என்று பெயர். நாள்தோறும் இன்ஸுலின் தேவைப்படுவோரிடமே இது பெரிதும் காணப்படினும், பிற நீரிழிவு நோயாளரும் இதற்கு விலக்கானவர் அல்லர்.

வயது முதிர்ந்தோரிடம் பெரும்பாலும் காணப்படும் வேறொரு நெருக்கடியும் உண்டு. அதில் கீட்டோன்கள் மிகுதியாக உண்டாவதில்லை. ஆனால் இரத்தச் சர்க்கரை 100 மில்லிலிட்டருக்கு 600 மில்லிகிராமுக்கு மேல் ஏறி, உடல் முற்றிலும் வறண்டு, நோயாளி மயக்கமுறுகிறார். முதல் வகையில் வளர்ந்த ஒருவர் இழக்கும் நீர் சுமார் 6 லிட்டர். இரண்டாம் வகையில் அது 9 லிட்டரையும் எட்டும். இவ்விரண்டு எண்களையும் நினைவிற் கொள்ளுமாறு வேண்டுகிறோம். இன்ஸுலினைப் பற்றிய பேச்சில் நீர் மறக்கப்பட்டுவிடுவது வழக்கமாக இருக்கிறது.

வகைகள் தோன்றிய வரலாறு

1922-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், கானடாவின் டொரான்டோ பொது மருத்துவமனையில், எலும்பும் தோலுமாயிருந்த 14 வயதுச் சிறுவன் லியனார்டு தாம்ஸனுக்கு முதன்முதலாக இன்ஸுலின் செலுத்தப்பட்டது. பான்டிங், பெஸ்ட் ஆகியோர் தயாரித்த முதற்சாறு போதிய பயன் தரவில்லை. காலிப் என்னும் இரசாயன அறிஞர் அதனைத் தூய்மைப்படுத்திய பின்னர், ஜனவரி 23-ஆம் நாள் மறுபடியும் செலுத்தினர். ஒரே நாளில் அவனுடைய இரத்தச் சர்க்கரை 520 மில்லிகிராமிலிருந்து 120 மில்லிகிராமுக்கு இறங்கியது. சிறுநீரில் கீட்டோன்களும் மறைந்தன. அதற்குமுன் கீட்டோன் அமில நிலையை அடைந்தவர் பிழைப்பது அரிதினும் அரிது. அச்சிறுவனோ மேலும் 13 ஆண்டுகள் உயிர் வாழ்ந்தான். இந்த முதல் இன்ஸுலின் தெளிந்த நீர்மமே. எந்தச் சேர்க்கையும் இல்லாதது. இன்று நம் மருத்துவமனைகளில் இருக்கும் சாதாரண இன்ஸுலின் இதன் நேர் வாரிசாகும்.

இங்கு பெயரைப் பற்றி ஒரு சொல். இவ்வகையைப் புட்டியின்மேல் ‘ரெகுலர்’ என்றோ ‘ஸாலியுபிள்’ என்றோ ஆங்கிலத்தில் அச்சிடுகின்றனர். முன்னதை ‘ஒழுங்கான’ என்றும் பின்னதைக் ‘கரையும்’ என்றும் தமிழ்ப்படுத்தினால், ஒழுங்கற்ற இன்ஸுலினும் கரையாத இன்ஸுலினும் யாவை என்ற ஐயமே படிப்போருக்கு எழும். ஆகவே இக்கட்டுரையில் ‘சாதாரண இன்ஸுலின்’ என்றே வழங்குவோம். ‘மனித இன்ஸுலின்’ என்னும் தொடரும் இவ்வாறே மயக்கம் தருவது. அது மனிதர் உடலிலிருந்து எடுக்கப்படுவதன்று. மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்து எடுத்துவந்த மருந்துக்கு மாற்றாக, மனித இன்ஸுலினை ஒத்த பொருளை நுண்ணுயிர்களைக்கொண்டு உண்டாக்கும் முறை 1978-இல் கண்டறியப்பட்டது. 1982-இல் அது விற்பனைக்கு வந்தது.

சாதாரண இன்ஸுலினைத் தோலடியில் செலுத்தினால், அதன் ஆற்றல் ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை ஊசி குத்திக்கொள்ளும் துன்பத்தைக் குறைக்க, 1936-இல் டென்மார்க் நாட்டு ஹாகெடார்ன் ஒரு வழி கண்டார். மீனின் விந்துவிலிருந்து கிடைக்கும் புரோட்டமீன் என்னும் புரதத்தை இன்ஸுலினுடன் சேர்த்தார். கலவை தோலடியில் மெல்லக் கரைந்தது. இதன் திருத்திய வடிவமே 1946-இல் தோன்றிய என்.பி.எச். இன்ஸுலின். கலங்கிய வெண்ணிற மருந்து இதுவே.

சென்ற நூற்றாண்டின் இறுதியில் வேறொரு முறை கையாளப்பட்டது. இன்ஸுலின் என்பது 51 அமினோ அமிலங்கள் கோத்த இரண்டு சங்கிலிகளாலான புரதம். அச்சங்கிலியில் ஓரிரு கண்ணிகளை மாற்றியமைத்தால் அதன் வேகமும் மாறுகிறது. 1996-இல் வந்த லிஸ்ப்ரோ, அதன் பின்னர் வந்த அஸ்பார்ட், குளூலிஸின் ஆகியவை தோலடியிலிருந்து விரைந்து பரவுவன. 2000-ஆம் ஆண்டில் வந்த கிளார்ஜின், பின்னர் வந்த டெடிமிர், டெக்ளுடெக் ஆகியவை மெல்லப் பரவி ஒரு நாள் அளவிலோ அதற்கு மேலோ நிற்பன. கிளார்ஜின் கலங்கியதன்று, தெளிந்தது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். தெளிந்த மருந்தெல்லாம் விரைந்து வேலை செய்யும் என்று கொள்வது ஆபத்தானது. பெயரைப் படித்தே அறிய வேண்டும்.

வேறுபாடு இருக்குமிடம்

புட்டியிலுள்ள சாதாரண இன்ஸுலினில், மூலக்கூறுகள் தனித்தனியாக மிதப்பதில்லை. துத்தநாக அணுக்களைச் சுற்றி ஆறு ஆறாகக் கூடி நிற்கின்றன. இந்த அறுவர் கூட்டம் மிகப் பெரிதாகையால் நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவர் வழியே எளிதில் நுழைய இயலாது. தோலடியில் செலுத்திய மருந்து, அங்குள்ள நீர்மத்தால் சிறிது சிறிதாக நீர்த்து, கூட்டம் கலைந்து, இரண்டிரண்டாகவும் ஒவ்வொன்றாகவும் பிரிந்த பின்னரே இரத்தத்தை அடைகிறது. இதற்காகும் தாமதமே சாதாரண இன்ஸுலின் வேலையைத் தொடங்க அரை மணி நேரம் எடுத்துக்கொள்வதற்குக் காரணம். முழு வேகத்தை அடைய இரண்டு மணி நேரத்திற்கு மேலும் ஆகலாம்.

லிஸ்ப்ரோவில் செய்த மாற்றம் யாதெனில், சங்கிலியின் கோடியில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு கண்ணிகளை இடம் மாற்றி வைத்ததேயாம். அவ்வாறு செய்தவுடன் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றி நிற்கும் பிடி தளர்ந்தது. தோலடியில் கூட்டம் உடனே கலைந்து, 10 அல்லது 15 நிமிடங்களில் வேலை தொடங்கியது. கிளார்ஜினில் செய்த மாற்றம் இதற்கு நேர்மாறானது. புட்டியிலுள்ள அமிலக் கரைசலில் அது கரைந்திருக்கும். அமிலமற்ற தோலடியை அடைந்ததும் நுண்ணிய படிவாக உறைந்து, மெல்ல மெல்லக் கரையும்.

இவற்றைக் கூர்ந்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். இவ்வகைகளின் வேகத்திலும் வேகக்குறைவிலும் உள்ள வேறுபாடு முழுவதும், ஊசி குத்திய இடத்திற்கும் இரத்தக் குழாய்க்கும் இடையேயுள்ள சிறு தொலைவில் நிகழ்வதேயாகும். இரத்தத்தைச் சேர்ந்தபின் சாதாரண இன்ஸுலினும் லிஸ்ப்ரோவும் செய்யும் வேலை ஒன்றே. எனவே மருந்தைத் தோலடியில் இடாமல் நேரே சிரையில் செலுத்தினால் என்ன நிகழும்? பல லிட்டர் இரத்தத்தில் கலந்த அக்கணமே அறுவர் கூட்டம் கலைந்துவிடுகிறது. காத்திருத்தலே இல்லை. சாதாரண இன்ஸுலினும் விரைவு இன்ஸுலினும் அங்கே சரிநிகராகின்றன. ஆய்வின் பொருட்டுக் கிளார்ஜினைச் சிரையில் செலுத்திப் பார்த்தபோது, அதுவும் தன் மந்த இயல்பை இழந்து சாதாரண இன்ஸுலினைப்போலவே இயங்கியது. இது ஆய்வுச் செய்தியே. சிகிச்சையில் கிளார்ஜினைச் சிரையில் செலுத்தலாகாது. கலங்கிய என்.பி.எச். மருந்தைச் சிரையில் செலுத்துதல் அறவே கூடாது.

கடுமையான நெருக்கடியில் மருத்துவர்கள் சிரை வழியையே நாடுவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. உடல் வறண்டு இரத்த ஓட்டம் தளர்ந்திருக்கும் நிலையில் தோலுக்குச் செல்லும் இரத்தம் மிகக் குறைவு. தோலடியில் இட்ட மருந்து அங்கேயே தேங்கி நிற்கும். பின்னர் இரத்த ஓட்டம் சீரடைந்ததும் எல்லாம் ஒருங்கே பாய்ந்து சர்க்கரையை அளவு மீறித் தாழ்த்தும். சிரையிற் செலுத்திய இன்ஸுலினோ சில நிமிடங்களில் இரத்தத்திலிருந்து நீங்கத் தொடங்குவதால், அதனைக் கூட்டவும் குறைக்கவும் நிறுத்தவும் முடியும்.

சோதனைகள் கூறுவது

அளவைப் பற்றிய கருத்து மாறிவந்த விதம் சுவையானது. 1950-ஆம் ஆண்டுகளிலும் 1960-ஆம் ஆண்டுகளிலும் நெருக்கடியில் ஒரே வேளையில் 50 யூனிட், 100 யூனிட் எனப் பெருமளவில் இன்ஸுலின் செலுத்தி வந்தனர். நோய் கடுமையாயின் மருந்தும் மிகுதியாக வேண்டும் என்பது அக்காலத்தோர் கொள்கை. 1973, 1974-ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்து மருத்துவர்கள் மிகச் சிறு அளவுகளே போதும் என்று காட்டினர். 1976-இல் அமெரிக்காவில் கிடாப்சியும் உடனுழைத்தோரும் இரு முறைகளையும் ஒப்பிட்டு, சிற்றளவு முறையில் குணம் குன்றவில்லை என்றும், சர்க்கரை அளவு மீறித் தாழ்வதும் பொட்டாஸியம் குறைவதும் அரிதாயின என்றும் கண்டனர். இன்று வழங்கும் அளவு, உடல் எடையில் ஒரு கிலோகிராமுக்கு மணிக்கு 0.1 யூனிட் ஆகும். 50 கிலோகிராம் எடையுள்ளவருக்கு மணிக்கு 5 யூனிட். மில்லிலிட்டருக்கு 40 யூனிட் உள்ள புட்டியிலிருந்து எடுத்தால் அது மில்லிலிட்டரில் எட்டில் ஒரு பங்கே. இவ்வளவு சிறிய துளி அத்துணை பெரிய வேலையைச் செய்வது வியப்புக்குரியதாயினும், உண்மை அதுவே.

வழியைப் பற்றிய சோதனையொன்று 1977-இல் வெளியாயிற்று. 45 நோயாளரை மூன்று பிரிவாக்கிச் சாதாரண இன்ஸுலினைச் சிரையிலும், தசையிலும், தோலடியிலும் செலுத்தினர். முதல் இரண்டு மணி நேரத்தில் சிரை வழியே முன்னணியில் நின்றது. அதன் பின்னர் மூன்றும் ஏறக்குறைய ஒன்றாயின. சிரையில் சீராகச் செலுத்தும் பம்பு இல்லாத சிறு மருத்துவமனையில், மணிக்கொருமுறை தசையிற் செலுத்தும் முறை இன்றும் கையாளத் தக்கதாக இருப்பதற்கு இத்தகைய சோதனைகளே ஆதாரம்.

விரைவு இன்ஸுலினுக்கு இங்கு இடமே இல்லையோ என்றால், உண்டு. நெருக்கடி கடுமையாகாத நிலையில், நோயாளி நினைவுடன் இருப்பின், அதனை ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்திற்கொருமுறை தோலடியில் செலுத்தியே குணப்படுத்தலாம். அமெரிக்காவில் 40 நோயாளரைக்கொண்டு நடத்தி 2004-இல் வெளியிட்ட சோதனையில், இவ்வாறு லிஸ்ப்ரோ பெற்றவரும், தீவிர சிகிச்சைப் பகுதியில் சாதாரண இன்ஸுலினைச் சிரை வழியே பெற்றவரும் ஏறத்தாழ ஒரே கால அளவில் குணமடைந்தனர். முன்னவருக்குத் தீவிர சிகிச்சைப் படுக்கை தேவைப்படவில்லை. ஆகையால் செலவு குறைந்தது. 2016-இல் இவ்வகைச் சோதனைகள் ஐந்தை ஒருங்கு திரட்டி ஆராய்ந்தவர்கள், எந்த முறைக்கும் தெளிவான ஏற்றமோ தாழ்வோ காணப்படவில்லை என்று முடிவு கூறினர். சான்றுகள் வலுக் குறைந்தவை என்றும் எச்சரித்தனர். எமது கருத்தில், இச்சோதனைகளின் உண்மையான பயன், படுக்கைப் பற்றாக்குறையுள்ள மருத்துவமனைகளுக்கு இரண்டாவது வழியொன்றைத் திறந்துவிட்டதேயாகும். புதிய மருந்து பழையதை வென்றது என்று அவற்றிற்குப் பொருள் கூறுதல் பொருந்தாது.

நெருக்கடி தணிந்தபின் நிலைமை மாறுகிறது. அங்கே வகை வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதே. சிரையிற் செலுத்தும் இன்ஸுலினை நிறுத்திய சில நிமிடங்களில் அதன் ஆற்றல் நீங்கிவிடுமாகையால், நிறுத்துவதற்கு ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்திற்கு முன்னரே நீடித்து நிற்கும் இன்ஸுலினைத் தோலடியில் செலுத்தியிருக்க வேண்டும். இதனை மறந்தால், பிழைத்தவர் மறுநாளே பழைய நிலைக்குத் திரும்புவார். 2009-இல் வெளியான ஒரு சோதனையில், சிரை வழிச் சிகிச்சையின்போது குளூலிஸினுக்கும் சாதாரண இன்ஸுலினுக்கும் வேறுபாடு காணப்படவில்லை. அதன்பின் தோலடி ஊசிக்கு மாற்றியபோது, என்.பி.எச்.-உம் சாதாரண இன்ஸுலினும் பெற்றவரில் 100-க்கு 41 பேருக்குச் சர்க்கரை அளவு மீறித் தாழ்ந்தது. கிளார்ஜினும் குளூலிஸினும் பெற்றவரில் 15 பேருக்கே அவ்வாறு நேர்ந்தது. கிளார்ஜின் இந்திய அரசின் 2022-ஆம் ஆண்டு இன்றியமையா மருந்துகளின் தேசியப் பட்டியலில் இடம் பெற்றிருப்பது கவனிக்கத் தக்கது. மிகு விலை கொடுப்பதற்கு நியாயம் உண்டாயின், அது அன்றாட வாழ்விலேயன்றி நெருக்கடி வேளையில் அன்று.

நீரும் பொட்டாஸியமும்

இன்ஸுலினின் வகையைப்பற்றி இவ்வளவு கூறிய பின்னர், மருத்துவர் முதலில் கையிலெடுப்பது இன்ஸுலினை அன்று என்பதையும் கூற வேண்டும். லிட்டருக்கு 9 கிராம் உப்பு கலந்த நீரைச் சிரை வழியே செலுத்துவதே முதற்பணி. இருதயமும் சிறுநீரகமும் நன்னிலையில் உள்ள வளர்ந்தவருக்கு முதல் ஒரு மணி நேரத்தில் அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர்வரை செலுத்துவர். நீர் ஏறியதாலேயே சர்க்கரை ஓரளவு இறங்கத் தொடங்கும். குழந்தைகளுக்கு மூளை வீக்கம் என்னும் அபாயம் உள்ளமையால், நீரை அளந்து நிதானமாகவே செலுத்துவர். இன்ஸுலினையோ நீர் ஏற்றத் தொடங்கி ஒரு மணி நேரமேனும் கழிந்த பின்னரே தொடங்குவர்.

பொட்டாஸியம் மற்றொரு மறைந்திருக்கும் அபாயம். சிறுநீருடன் உடல் பெருமளவு பொட்டாஸியத்தை இழந்திருக்கும். ஆயினும் இரத்தச் சோதனையில் அது இயல்பாகவோ மிகுதியாகவோகூடத் தோன்றும். இன்ஸுலின் செலுத்தியதும் இரத்தத்திலுள்ள பொட்டாஸியம் உயிரணுக்களுள் விரைந்து புகுந்துவிடுகிறது. அப்போது இருதயத் துடிப்பு தடுமாறி நிற்கவும்கூடும். இரத்தத்தில் அது லிட்டருக்கு 3.5 மில்லிமோலுக்குக் குறைந்திருப்பின், அதனை ஈடு செய்யும்வரை இன்ஸுலினைத் தொடங்காது நிறுத்தி வைப்பது இக்காரணத்தால்தான். இச்சோதனையைச் செய்யவும், நீரேற்றவும், சாதாரண இன்ஸுலினை மணிதோறும் கணக்கிட்டுச் செலுத்தவும் வல்ல மருத்துவமனை அருகில் இருக்குமாயின், விரைவு இன்ஸுலினைத் தேடிப் பெருநகரம் செல்லவேண்டுவதில்லை. இவை இல்லாத இடத்தில் விலை மிகுந்த இன்ஸுலின் மட்டும் இருந்து பயனில்லை.

களத்திலும் பள்ளியிலும்

வகையைவிட அளவில் நேரும் பிழை கொடியது. நம் நாட்டில் புட்டிகளில் வரும் இன்ஸுலின் பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு 40 யூனிட் செறிவுடையது. பேனாக் குழல்களில் வருவது 100 யூனிட் செறிவுடையது. 100 யூனிட் புட்டிகளும் கடைகளில் கிடைக்கின்றன. ஊசிக் குழல்களும் இரு வகைப்படும்: 40-க்கு உரியது சிவப்பு மூடியும், 100-க்கு உரியது ஆரஞ்சு மூடியும் கொண்டவை. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடிக் குழலில் அதே கோடுவரை எடுத்தால், உடலில் சேர்வது இரண்டரை மடங்கு. மாற்றி எடுத்தால் பாதிக்கும் குறைவே சேரும். அது நாளடைவில் நெருக்கடிக்கே இட்டுச் செல்லும். வீடு வீடாகச் செல்லும் பணியாளர் நோயாளியின் புட்டியையும் குழலையும் அருகருகே வைத்துப் பார்ப்பது இரண்டு நிமிட வேலைதான்.

அறிந்த நோயாளர் நெருக்கடிக்கு உள்ளாவதற்குப் பெருங்காரணங்கள் இரண்டு: தொற்று நோய், ஊசியை நிறுத்துதல். பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே வருகின்றன. காய்ச்சலில் பிள்ளை உண்ணவில்லை. உண்ணாத பிள்ளைக்கு ஊசி எதற்கு என்று பெற்றோர் நிறுத்திவிடுகின்றனர். காய்ச்சலில் உடலுக்கு இன்ஸுலின் தேவை கூடுகிறதேயன்றிக் குறைவதில்லை. அளவை மாற்றுவது மருத்துவரின் பொறுப்பு. அறவே நிறுத்துவது எவருக்கும் உரியதன்று.

ஆசிரியர் கவனிக்க வேண்டுவது, இன்னும் நோய் கண்டறியப்படாத பிள்ளையை. வகுப்பிலிருந்து அடிக்கடி வெளியே செல்ல அனுமதி கேட்பது, தண்ணீரை இடைவிடாது அருந்துவது, சில வாரங்களில் சட்டை தொளதொளக்கும்படி மெலிவது ஆகியவற்றைக் குறும்பென்றோ பரீட்சைக் கவலையென்றோ தள்ளிவிடலாகாது. வயிற்று வலியும் வாந்தியும் குடல் நோயாகவும், வேகமான மூச்சு ஆஸ்துமாவாகவும் கருதப்பட்டுக் காலம் வீணாவது உண்டு. ஒரு துளி இரத்தத்தில் சர்க்கரையைச் சோதிப்பதே ஐயத்தைத் தீர்க்கும் வழி.

ஏற்கெனவே இன்ஸுலின் பெறும் பிள்ளை திடீரென வியர்த்து, நடுங்கி, பிதற்றினால் அது பெரும்பாலும் சர்க்கரைத் தாழ்வு. சோதிக்கும் கருவி இல்லாவிடில், விழுங்க முடிந்த பிள்ளைக்குச் சர்க்கரை கொடுப்பதே தக்கது. ஏற்கெனவே மிகுந்துள்ள சர்க்கரையில் இரண்டு கரண்டி கூடுவதால் பெருங்கேடு விளையாது. தாழ்ந்திருப்பதைக் கவனியாது விட்டால் நிமிடங்களில் கேடு விளையும். மேற்சொன்ன நெருக்கடியோ பல மணி நேரத்தில், பெரும்பாலும் ஒரு நாள் அளவில், படிப்படியாக முற்றுவது. அதில் நினைவு தெளிந்துள்ளவருக்கு, மருத்துவமனைக்குச் செல்லும் வழியில், தண்ணீரையோ வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசலையோ சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். நினைவு மங்கியவருக்கு வாய்வழியே எதையும் கொடுக்கலாகாது. வீட்டிலுள்ள இன்ஸுலினைத் தாமே மிகுதியாகக் குத்திப் பார்ப்பதும் கூடாது.

நோயாளியை அனுப்பும்போது ஒரு துண்டுத் தாளில் நான்கு செய்திகளை எழுதி உடன் அனுப்புதல் மருத்துவருக்குப் பேருதவியாகும்: புட்டியிலோ பேனாவிலோ அச்சிட்டுள்ள மருந்தின் முழுப் பெயர், அது 40 யூனிட்டா 100 யூனிட்டா என்பது, கடைசியாக ஊசி போட்ட நேரமும் அளவும், கடைசியாகச் சிறுநீர் கழித்த நேரம். தாள் கிடைக்காவிடில் புட்டியையும் குழலையும் நோயாளியுடனேயே அனுப்பிவிடலாம்.